டயல் டோன் இருக்கா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு மெயில் வந்தது. 2024 ஜூலை 26, ஆடி இரண்டாவது வெள்ளி. திங்கள் காலை பத்து மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். வேலை போய் நாலு மாசம். நாற்பத்து மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்ததில், பதில் என்று ஏதோ ஒன்று வந்த மூன்றாவது இடம் இது. அடையாறில் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சின்ன நிறுவனம். பால் குளிரூட்டும் நிலையங்களில் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் கருவி செய்கிறார்கள்.

அந்தக் கருவிக்குள் இருப்பது ராஸ்பெரி பை ஜீரோ, வைஃபை இல்லாத பழைய மாடல். நிலையத்துக்குப் போகிற டெக்னீஷியன் தன் லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு யுஎஸ்பி கேபிளைச் சொருகினால் போதும் என்றிருக்க வேண்டும். போர்டுக்குக் கரண்டும் அதில் போகணும், நெட்வொர்க்கும் அதிலேயே வரணும். மானிட்டர், கீபோர்ட் எதுவும் கூடாது. செய்துபார், எப்படிச் செய்தாய் என்று இரண்டு பக்கம் எழுது. அவ்வளவுதான் டெஸ்ட். படித்தவுடன் சிரித்தேன். அரை மணி நேர வேலை, மீதி நேரத்தில் எழுதுகிற இரண்டு பக்கத்தை அழகாக எழுதலாம் என்று நினைத்தேன்.

போர்டு என்னிடமே இருந்தது. காலேஜ் கடைசி வருஷம் வாங்கி, ஒரு எல்இடியை எரியவைத்துப் பார்த்துவிட்டு ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவைத்தது. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், ஒரு சூயிங்கம் பாக்கெட் மாதிரி இருக்கும். 2015 நவம்பர் 26 அன்று இது வெளியானபோது விலை ஐந்தே டாலர். மேக்பை என்ற பத்திரிகையின் அட்டையில் ஒட்டி, நம் ஊர் பத்திரிகைகளில் ஷாம்பு பாக்கெட் தருவதுபோல, இலவசமாகவே கொடுத்தார்கள். ஒரு முழுக் கம்ப்யூட்டரை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. பை 2, பை 3 பி போன்ற அண்ணன்களில் யுஎஸ்பி வாய்க்கும் சிப்புக்கும் நடுவில் ஒரு ஹப் உட்கார்ந்திருக்கும். அதனால் அவை எப்போதும் எஜமான் வேஷம்தான் போட முடியும். மவுஸ், கீபோர்ட், பென்டிரைவ் எல்லாம் அவற்றுக்குக் கீழே. ஜீரோவில் ஹப் கிடையாது. வாய் நேரே சிப்புக்குப் போகிறது. அதனால் இது வேஷத்தை மாற்றிக்கொண்டு, லேப்டாப்பிடம் போய் "நான் ஒரு நெட்வொர்க் கார்டு" என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு கேட்ஜெட் மோட் என்று பெயர். மெமரி கார்டில் இருக்கும் இரண்டு கோப்புகளைத் திருத்தினால் போதும். கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 என்ற டிரைவரைக் கூப்பிடும் ஒரு வரி. சிஎம்டிலைன் கோப்பில், ரூட்வெயிட் என்ற சொல்லுக்கு அடுத்து, அந்த டிரைவரையும் ஜி ஈதர் என்ற மாட்யூலையும் ஏற்றச் சொல்லும் சில சொற்கள்.

முதல் தப்பு அங்கேயே செய்தேன். சிஎம்டிலைன் கோப்பு முழுக்க ஒரே வரியாக இருக்க வேண்டும். நான் வழக்கமான கைப்பழக்கத்தில் என்டர் தட்டி அடுத்த வரியில் எழுதிவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க ஒன்பது மணி ஆனது. இரண்டாவது தப்பு, போர்டின் ஓரத்தில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு மைக்ரோ யுஎஸ்பி வாய்கள். ஒன்று கரண்ட்டுக்கு மட்டும், இன்னொன்றில்தான் டேட்டா. எறும்பெழுத்தில் எழுதியிருப்பார்கள். நான் கரண்ட் வாயில் சொருகியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்கப் பத்தரை.

இரண்டையும் சரிசெய்த பிறகும் லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லை. கெர்னல் பதிவைத் திரையில் ஓடவிட்டுக் கேபிளைச் சொருகினேன். ஒரு வரி நகரவில்லை. எடுத்தேன், சொருகினேன். போர்டின் பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்குதான் என்னை ஏமாற்றியது. உயிர் இருக்கிறது, அப்படியானால் சிக்கல் சாஃப்ட்வேரில்தான் என்று முடிவுகட்டி, கார்டில் ஓஎஸ்ஸை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். மூன்று தடவை எழுதினேன். யூடியூபில் ஒருவர் "இட்ஸ் தட் சிம்பிள்" என்று சொல்லி முடித்ததும் லேப்டாப்பை மூடிவைத்து, பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

விடியற்காலை நாலரைக்கு அப்பா எழுந்து வந்து பின்னால் நின்றார். முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் ஸ்பீக்கர் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"என்னம்மா, தூங்கலையா?"

"வேலைப்பா."

"எந்த வேலை?"

இது குத்தலா, சாதாரணக் கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. நாலு மாசமாக எங்கள் வீட்டில் பல கேள்விகள் இப்படித்தான் இரண்டு அர்த்தத்தோடு உலவிக்கொண்டிருந்தன.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா ஃபோன் மெக்கானிக். தொலைத்தொடர்புத் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, 2000 அக்டோபரில் அது பிஎஸ்என்எல் ஆனபோது அதோடு மாறியவர். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று முப்பது வருஷம் சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் 50இலும் சுற்றினார். 198க்கு யாராவது போன் செய்து "டெட்" என்று சொன்னால் அப்பா கிளம்ப வேண்டும். எந்தத் தெருவில் எந்த டிபி பெட்டி, அதில் எந்த ஜோடி யார் வீட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. கச்சேரி ரோட்டில் நடந்துபோகும்போது பெரிய மனிதர்கள் வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டு காபி கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கோட்டூர்புரம் பக்கம் பதினோரு நாள். மேன்ஹோலில் தண்ணீர் இறைத்து, ஜாயிண்ட்டைப் பிரித்து, காயவைத்து, மறுபடி ஜோடி ஜோடியாகச் சேர்த்து. வீட்டுக்கு வந்தபோது விரல்களெல்லாம் ஊறிப்போய் வெளுத்திருந்தன.

2019 நவம்பரில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தார்கள். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் எட்டு வருஷ சர்வீஸ். எனக்கு அப்போது வேலை கிடைத்து இரண்டு வருஷம், பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் டேக். அப்பா கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன். "காப்பர் செத்துப்போச்சுப்பா. இனிமே யாருக்கு லேண்ட்லைன் வேணும்? வாங்கிட்டு வந்துடு. நான் இருக்கேன்ல." நான் இருக்கேன்ல என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று ஞாபகம்.

2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்கச் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். அதில் அப்பாவும் ஒருவர். மாலை, பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு போட்டோ. மறுநாளிலிருந்து அவர் வீட்டில் இருந்தார். பேப்பர் படித்தார். ரேஷன் கடைக்குப் போனார். இருந்த ஒரே லேண்ட்லைனையும் நாங்கள் சரண்டர் செய்தபோது ஒன்றும் சொல்லாமல் ஒயரைச் சுருட்டிப் பரணில் வைத்தார். பிறகு 2024 மார்ச்சில் எனக்கு வேலை போனது. அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி, "சாப்டியா?" அதற்கப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீதானே இருக்கேன்னு சொன்ன என்று ஒரு தடவை கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இப்போது விடியற்காலையில் பின்னால் நின்றபடி அவர் போர்டையும் கேபிளையும் பார்த்தார்.

"டயல் டோன் இருக்கா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அப்பா, இது ஃபோன் இல்ல."

"இருக்கட்டும். இந்தப் பக்கம் ஏதாச்சும் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல. லைட் எரியுது, ஆனா லேப்டாப்புக்கு இது இருக்கறதே தெரியல."

"அப்போ நடுவுல பாக்கணும்."

அவர் வேலையின் முறை இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு லைன் செத்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுவரை மூன்று கிலோமீட்டர். எம்டிஎஃப் என்ற பெரிய சட்டம், அங்கிருந்து தெருவோரக் கேபினெட், பிறகு பில்லர், பிறகு டிபி பெட்டி, கடைசியாக வீட்டுக்குள் போகும் ஒயர். ஒரு முனையிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தேட மாட்டார்கள். நடுவில் பில்லரில் போய் ஜோடியைப் பிரித்து, டோன் இருக்கிறதா பார்ப்பார்கள். இருந்தால் பழுது வீட்டுப் பக்கம், இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கம். ஒரே வெட்டில் பாதி ஊர் கழிந்துவிடும். மறுபடி மிச்சத்தில் பாதி. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வீட்டுக்குள் இருக்கும் ஃபோனை ராத்திரி முழுக்க மூன்று தடவை கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்த ஒயர்ல வேற எதையாவது போடு."

என் பழைய செல்போனைச் சொருகினேன். சார்ஜ் ஏறியது. "பாரு, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"சார்ஜ் ஏறுது சரி. பேசுதா?"

பேசவில்லை. போட்டோ மாற்றவா, சார்ஜ் மட்டுமா என்று செல்போன் வழக்கமாகக் கேட்கும் அந்தக் கேள்வி வரவில்லை. லேப்டாப்பின் கெர்னல் பதிவும் அசையவில்லை. அப்பா உள்ளே போய்த் தன் பழைய காக்கிப் பையை எடுத்துவந்தார். ஜாயிண்ட் போடும் கத்தி. நான் "அப்பா, இரு" என்பதற்குள் கேபிளின் நடுவில் வைத்து ஒரு சுற்று, மேல்தோல் கழன்று வந்துவிட்டது.

உள்ளே இரண்டே ஒயர். சிவப்பு, கறுப்பு.

"மிச்சம் எங்கம்மா?" என்றார்.

யுஎஸ்பி கேபிளில் நாலு ஒயர் இருக்க வேண்டும். சிவப்பில் ஐந்து வோல்ட், கறுப்பு எர்த், பச்சையும் வெள்ளையும்தான் பேச்சு. ஏதோ ஒரு பவர் பேங்க்கோடு வந்த கேபிள் இது. சார்ஜுக்கு மட்டும் என்று பச்சையையும் வெள்ளையையும் போடாமலே செய்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விளக்கு எரிந்தது, செல்போன் சார்ஜ் ஆனது, எல்லாம் சரி. பேச வழியில்லை.

"எங்க ஃபோன்ல ரெண்டே ஒயர்தான்" என்றார் அப்பா, உரித்த முனையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "அதுலயேதான் 48 வோல்ட்டு, அதுலயேதான் பேச்சு, மணி அடிக்கறதும் அதுலதான். மணி அடிக்கும்போது கை வெச்சா சுளீர்னு இருக்கும். இவன் என்னடான்னா கரண்டுக்குத் தனி, பேச்சுக்குத் தனின்னு வெச்சுருக்கான்."

அம்மா எழுந்து வந்து, "இருந்ததையும் அறுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

(பிற்பாடு தெரிந்துகொண்ட ஒரு குறுக்குவழியை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஒரு ராத்திரி மிச்சமாகும். ஜீரோவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிவிட்டு டேட்டா வாயில் கேபிளைச் சொருகுங்கள். கார்டு இல்லாவிட்டால் அந்த சிப், யாராவது யுஎஸ்பி வழியாக என்னைக் கிளப்புங்கள் என்று லேப்டாப்பிடம் தானே கேட்கும். யுஎஸ்பி பட்டியலில் பிராட்காம் பெயரில் ஒரு வரி வந்தால் கேபிளும் வாயும் சரி. வராவிட்டால் ஓஎஸ்ஸைத் தொடாதீர்கள். பத்து செகண்ட் வேலை.)

பத்து மணிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பினேன். நானும் வரேன் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். லஸ் பக்கமெல்லாம் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருந்த சமயம். திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினோம். நாலாவது லைன் போடும் வேலைக்காக அப்போது பீச் வரை ரயில் போகவில்லை, சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பிவிடும். எங்களுக்கு அதுவே போதும். ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா கீழே தெருக்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில், "அந்தப் பில்லர் இன்னும் நிக்குது பாரு" என்றார். எனக்கு எது பில்லர் என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்த நாலைந்து சந்துகளில் கையகல கடைகள், தலைக்கு மேல் தோரணமாகச் சார்ஜர்கள், நடுவில் தள்ளுவண்டியில் எல்இடி டிவி. முதல் கடையில் "கேபிள் வேணும், டேட்டா போகணும்" என்றதற்கு, "எல்லாம் போகும் மேடம்" என்றார். அப்பா அந்தக் கடையில் வாங்க விடவில்லை. மூன்றாவது கடைக்காரர் எதிர்க்கேள்வி கேட்டார். "சார்ஜிங்கா, டேட்டாவா? நீளம் எவ்ளோ? என்னத்துக்கு?" கேள்வி கேட்பவன்தான் தொழில் தெரிந்தவன் என்பது அப்பாவின் கணக்கு. அங்கேயே லேப்டாப்பை விரித்து, கேபிளைச் சொருகி, செல்போன் கேள்வி கேட்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தார். அவரே கொடுத்தார். நூற்றிருபது ரூபாய். நான் பர்ஸை எடுக்கும்போது கையால் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொருகினேன். கெர்னல் பதிவில் வரிகள் ஓடின. புது ஹை ஸ்பீட் யுஎஸ்பி சாதனம், லினக்ஸ் ஈதர்நெட் கேட்ஜெட். நெட்வொர்க் பட்டியலில் புதிதாக ஒரு கார்டு முளைத்தது. நான் கத்தியே விட்டேன். அதற்குப் பக்கத்தில் உபுண்டு ஒரு வாசகம் காட்டியது: கேபிள் இணைக்கப்படவில்லை.

அப்போதுதான் வாங்கிவந்த, கடையிலேயே சோதித்த கேபிள். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே. திரும்ப ரிச்சி ஸ்ட்ரீட் போகணுமா என்று கேட்டேன்.

அப்பா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கேபிள் இல்லாம எப்படி அதுக்கு இவன் பேர் தெரிஞ்சுது? இந்தப் பக்கம் சரியாப் போச்சு. அந்தப் பக்கம் இன்னும் ரிசீவர் எடுக்கல. அவ்ளோதான்."

அவர் சொன்னது அப்படியே சரி. யுஎஸ்பி என்ற ஒயர் மட்டத்தில் இருவரும் அறிமுகமாகிவிட்டார்கள்; அதன் மேல் ஓடும் நெட்வொர்க் மட்டத்தில் போர்டு தன் கார்டை இன்னும் எழுப்பவே இல்லை. காரணம் தேடினால் விவகாரம் வேறு. நான் பார்த்த வழிகாட்டிகள் எல்லாம் பழையவை. ராஸ்பெரி பையின் ஓஎஸ் 2023 அக்டோபரில் புக்வோர்ம் என்ற பதிப்புக்கு மாறியபோது, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நிரலையும் மாற்றிவிட்டார்கள். முன்பு இருந்தது கார்டைக் கண்டால் தானே எழுப்பிவிடும், முகவரி தர யாரும் இல்லையென்றால் 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். புதிதாக வந்த நெட்வொர்க்மேனேஜர் அப்படியில்லை. கேட்ஜெட் வகைக் கார்டா, அது என் பொறுப்பில்லை என்று அதற்கு ஒரு விதியே எழுதிவைத்திருக்கிறார்கள். போர்டுக்கு மானிட்டர் இல்லை. ஆனால் என் லேப்டாப் லினக்ஸ் என்பதால் மெமரி கார்டை அதில் போட்டு உள்ளே நுழைய முடிந்தது. அந்த விதியை ஒரு நகல் எடுத்து, 1 என்று இருந்ததை 0 ஆக்கினேன்.

அடுத்த கட்டம் எங்கள் வீட்டுக்கதை. இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டன. இரண்டும் டிஹெச்சிபி வழியாக எனக்கொரு முகவரி கொடு என்று கேட்டன. கொடுக்க எவனும் இல்லை. முக்கால் நிமிஷம் காத்திருப்பது, சலித்துப்போய் விடுவது, மறுபடி கேட்பது. அப்பாவிடம் இதை விளக்கினேன். "ரெண்டு பேரும் அடுத்தவன் ஆரம்பிக்கட்டும்னு உக்காந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஏதோ தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நீயே நம்பர் கொடுத்துடு. ரெண்டு பேருக்கும்."

போர்டுக்கு 192.168.7.2, லேப்டாப்புக்கு 192.168.7.1. இந்த எண்கள் என் கற்பனை இல்லை. பீகிள்போன் என்ற இன்னொரு சின்ன கம்ப்யூட்டர் யுஎஸ்பியில் இந்த வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறது, கடன் வாங்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு பூதம் வந்தது. முகவரி எழுதிவைக்கும் கோப்பு ரூட்டுக்கு மட்டும் படிக்கும்படி இருக்க வேண்டும்; மற்றவர்களும் படிக்கலாம் என்று இருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அதைச் சட்டைசெய்யாது. அனுமதியை 600 ஆக்கினேன்.

சனி ராத்திரி பதினொன்றே முக்கால். பிங் அடித்தேன். பதில் வந்தது. அரை மில்லிசெகண்டுக்குள். மறுபடி. மறுபடி. வரி வரியாகத் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தது.

"இதுதாம்மா டயல் டோன்" என்றார் அப்பா.

உள்ளே நுழையலாம் என்று எஸ்எஸ்ஹெச் அடித்தேன். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. தலையில் கை வைத்துக்கொண்டேன். "மறுக்குதுப்பா."

"எப்படி மறுக்குது?"

"எப்படின்னா?"

"கேட்டவுடனே மறுக்குதா, இல்ல ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு நிக்குதா?"

"கேட்டவுடனே."

"அப்போ நல்லதுதானே. மறுக்கறதுக்கு அங்க ஆள் இருக்கு." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேஜ்டு டோன் வந்தா நாங்க சந்தோஷப்படுவோம். லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணுமே கேக்காம இருக்கு பாரு, அதுதான் பயம்."

நாற்பத்து மூன்று விண்ணப்பங்களில் நாற்பது அப்படித்தான் இருந்தன, ஒன்றுமே கேட்காமல். அதை அவரிடம் அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன். எத்தனை இடம், எந்தெந்த மாதிரி வேலை, இரண்டு இடத்தில் நேர்காணல் முடிந்து அப்படியே காணாமல் போனது, எல்லாம். நீ விஆர்எஸ் வாங்கினதுக்கு நான்தான் காரணம் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ சொல்லலைன்னாலும் போட்டிருப்பேன்" என்றார். "முட்டி வலி." பிறகு, "ஆனா காப்பர் செத்துப்போச்சுன்னு சொன்னே பாரு. அது கொஞ்சம் இதுவா இருந்துச்சு."

மறுப்புக்குக் காரணம் அற்பமானது. மூன்றாவது தடவை அரைத்தூக்கத்தில் ஓஎஸ் எழுதியபோது எஸ்எஸ்ஹெச்சை இயக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யவில்லை. கதவைத் தட்டினேன், வீட்டில் ஆள் உண்டு, அந்தக் கதவுக்கு மட்டும் ஆள் இல்லை. பூட் பகுதியில் எஸ்எஸ்ஹெச் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு போட்டால் போதும். போட்டு, போர்டை மறுபடி கிளப்பினால், பிங்கும் போய்விட்டது!

அது கடைசிப் பூதம். ஜி ஈதர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மேக் முகவரியைச் சீட்டுக்குலுக்கி எடுக்கிறது. லேப்டாப்புக்கு ஒவ்வொரு தடவையும் அது புது ஆள், புதுக் கார்டு, புதுப் பெயர். பழைய ஆளுக்கு நான் கொடுத்துவைத்த முகவரி புதியவனுக்குச் செல்லாது. "தினம் ஒரு நம்பர்ல இருந்து கூப்பிட்டா எவன் எடுப்பான்?" என்றார் அப்பா. சிஎம்டிலைன் கோப்பில், அதே ஒற்றை வரியில், இரண்டு பக்கத்துக்கும் நிலையான மேக் முகவரியை எழுதினேன். நாமாக வைத்துக்கொள்ளும் முகவரி என்பதால் 02 என்று ஆரம்பித்தால் கார்டு தயாரிப்பாளர்கள் தரும் முகவரிகளோடு மோதாது.

ஞாயிறு அதிகாலை ஒன்றரைக்கு உள்ளே நுழைந்தேன். கறுப்புத் திரையில் போர்டின் பெயரும் மினுக்கும் கோடும். அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்பவில்லை. காலையில் கூழ் ஊற்றும் ஸ்பீக்கர் சத்தத்தில் அவரே எழுந்து, "வந்துச்சா?" என்று கேட்டார்.

இரண்டு பக்கம் என்றவர்களுக்கு ஐந்து பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கக் கேபிள். டெக்னீஷியன் கையில் எந்தக் கேபிள் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே கருவியோடு சோதித்த கேபிளையும் சேர்த்தே அனுப்புங்கள் என்று முடித்திருந்தேன். திங்கள் காலை 9.20க்கு மெயில் போனது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அறிக்கை நன்றாக இருந்தது, கேபிள் விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் இந்த வேலைக்கு இன்னும் அனுபவம் உள்ள ஒருவரைத் தேர்வு செய்திருக்கிறோம், அக்டோபரில் ஒரு இடம் வரலாம், அப்போது எழுதுங்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ரெஃப்யூஸ்டா?" என்றார்.

"ரெஃப்யூஸ்டுப்பா."

ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அக்டோபர் ஒண்ணாந்தேதி போன் பண்ணு. மெயில் வேணாம்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இருக்கும் யுஎஸ்பி கேபிள்களையெல்லாம் கூடத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக என் செல்போனில் சொருகிச் சோதித்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொன்று. அதில் நாலில் பேச்சு கிடையாது. அந்த நாலுக்கும் வெள்ளை டேப் சுற்றி, டிபி பெட்டியில் ஜோடி நம்பர் எழுதும் அதே சின்னக் கட்டை எழுத்தில், 'கரண்ட் மட்டும்' என்று எழுதினார். மிச்ச ஏழை என் மேஜை டிராயரில் வைத்தார். நடுவில் உரித்த கேபிளை மட்டும் தூக்கிப்போடாமல், டேப் சுற்றித் தன் காக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.